பெரட்டில் பேர் மட்டும் கொடுத்தவர்கள்

கம்ப்யூட்டர்களை வரிசையாக நிற்க வைத்து, பேர் கூப்பிட்டு ஆள் சரிபார்த்த ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் புக்கிட் செந்தோசாவில்தான் இருந்தார். வேறு எங்காவது இன்னொருவர் இருந்தால் அவருடைய பக்கத்துக் கடைக்காரருக்கு என் அனுதாபங்கள்.

அவருக்குப் பேர் பெரட்டு. அடையாள அட்டையில் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். ஆனால் மலாய்க்காரத் தபால்காரர்கூட "என்சிக் பெரட்டு" என்றுதான் வாசலில் நின்று கூப்பிடுவார். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே ஆபீசுக்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணியான மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தவருக்கு அன்றைக்கு வேலை உண்டு. அதுதான் பெரட்டு. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடுகள் வந்து, பெரட்டுக் களத்தில் இன்று கார் நிறுத்துகிறார்கள். இவர் மட்டும் பெரட்டை விடவில்லை.

ஒரே கடையை நடுவில் பலகை வைத்துப் பிரித்து, இடப்பக்கம் என் போட்டோஸ்டேட் கடையும் வலப்பக்கம் அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையும் இருந்தன. பலகை என் தோள் உயரம்தான். அதனால் அவர் வாழ்க்கையில் எனக்குத் தெரியாதது குறைவு. தெரிந்துகொள்ள ஆசைப்படாததும் எனக்கு நன்றாகவே தெரியும்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பெரட்டு ஆரம்பமாகும். "பெரிய ஸ்குரூடிரைவர்" என்பார். பிறகு அதைத் தட்டி, கட்டைக் குரலில் "வந்துட்டேன்" என்பார். "சின்ன ஸ்குரூடிரைவர்" என்றால் கீச்சுக் குரலில் பதில் வரும். சோல்டரிங் அயன், மல்டிமீட்டர், தூசி ஊதும் பம்பு எல்லாம் தத்தம் குரலில் ஆஜராகும். கடைசியில் கொஞ்சம் இடைவெளி விட்டு, "செல்லம்மா" என்பார். அதற்கும் அவரே, மெல்லிய பெண் குரலில், "வந்துட்டேன்" என்று பதில் சொல்வார்.

செல்லம்மா அவருடைய மனைவி. இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த நேரத்தில் நான் பலகைக்கு இந்தப் பக்கம் காகிதம் அடுக்குவதுபோல் சத்தம் பண்ணுவேன். எனக்குக் கேட்கவில்லை என்று அவர் நம்ப வேண்டுமே.

வாடிக்கையாளர்களும் தப்ப முடியாது. யாராவது மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தால், என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். "பேட்டரி?" என்பார். கொண்டுவந்தவர் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். "சார்ஜர்?" "இருக்கு." "விசைப்பலகை?" "அது இல்லாம எப்படிண்ணே?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று அவரை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வைத்தார். பேங்குக்கு வழி கேட்க வந்த ஒரு சீனப் பாட்டியும் ஒருமுறை வரிசையில் நின்று, "இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கோவில் கமிட்டி ஒருமுறை கோலா சிலாங்கூருக்கு பஸ் பிடித்தது. ஆள் சரிபார்க்கும் பொறுப்பைப் பெரட்டிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. புக்கிட் மெலாவத்தி குன்றில் எல்லாரும் குரங்குகளுக்குப் பயத்தங்காய் கொடுத்துக்கொண்டிருந்தோம். கிளம்பும் நேரத்தில் இவர் பஸ் படியில் நின்று பேர் கூப்பிட்டார். யார் காதிலும் விழவில்லை. பெரட்டில் பதில் சொல்லாதவன் வேலைக்கு வராதவன் என்பது அவருடைய சட்டம். யாரும் வரவில்லை என்று டிரைவரிடம் சொல்லி, தான் ஒருவர் மட்டும் பஸ்ஸில் ஏறி ஊர் திரும்பிவிட்டார். நாங்கள் மீன் லோரியில் வந்து சேர்ந்தோம். "கூப்பிட்டேன். யாரும் பேசல. நான் என்ன பண்றது?" என்று அவர் கேட்டபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

அந்தப் பேர் அவருக்கு வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். உலு யாம் பக்கத்துத் தோட்டத்தில் அவர் இளைஞராக இருந்தபோது செல்லம்மா அதே பெரட்டில் நின்றவர். நின்றவர் என்று சொல்வது மரியாதைக்காக. அந்தப் பெண் எந்தக் காலையிலும் நேரத்துக்கு எழுந்ததில்லை. வேலை போய்விடுமே என்று இவர் பின்வரிசையில் ஒளிந்துகொண்டு, பெண் குரலில் அவளுக்காக "வந்துட்டேன்" சொல்ல ஆரம்பித்தார். பல நாள் நடந்தது. ஒரு நாள் மண்டோருக்குச் சந்தேகம் வந்து, "செல்லம்மா, முன்னால வா" என்றார். கூட்டம் விலகியது. வேறு வழியில்லாமல் இவர் முன்னால் போய் நின்றார். செல்லம்மாவுக்கு மீசை இருப்பதை அன்றுதான் தோட்டம் பார்த்தது.

மண்டோர்தான் செல்லம்மாவின் அப்பா. பிறகு கல்யாணம் பேசுவதைத் தவிர அவருக்கும் வேறு வழியிருக்கவில்லை.

"எல்லாத்துக்கும் லேட்டா வருவா, போட்டோஸ்டேட். தாலி கட்டுற நேரத்துக்கே லேட்டு. போறதுக்கு மட்டும் முந்திக்கிட்டா." இதைச் சொன்னபோது அவர் ஒரு மதர்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரியான எனக்கு அவர் வைத்திருந்த பேர் போட்டோஸ்டேட். நான் அவரை அண்ணே என்பேன்.

இவ்வளவு பேர் கூப்பிடுகிறவருக்கு ஒரு பழக்கம் மட்டும் சுத்தமாக இல்லை. திரையில் வரும் எரர் மெசேஜை அவர் படிக்க மாட்டார். வந்த வேகத்தில் ஓகே அழுத்துவார். படித்தால் என்னண்ணே என்று கேட்டதற்கு, "அழுவுறவன்கிட்ட நின்னு விசாரிக்கக் கூடாது. அழுது முடிக்கட்டும்லா" என்றார். மெஷின் அழுது முடித்து அணைந்துவிடும். இவர் மறுபடியும் முதலிலிருந்து பேர் கூப்பிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் பத்தாங் காலி பக்கத்துத் தமிழ்ப்பள்ளி, ஒரு மூடிய ஆபீசிலிருந்து கிடைத்த பழைய கம்ப்யூட்டர்களை ஒப்படைத்தது. பத்துப் பன்னிரண்டு இருக்கும். புது விண்டோஸ் அவற்றுக்குத் தாங்காது. லினக்ஸ் போட்டால் பிள்ளைகளுக்குப் போதும் என்று பெரட்டே யோசனை சொல்லி, கூலியும் வேண்டாம் என்றார். சனிக்கிழமை காலையில் பெற்றோர்கள் வந்து கம்ப்யூட்டர் அறையைப் பார்ப்பதாக ஏற்பாடு.

அதே வாரத்தில்தான் மகள் வாசுகியுடன் பந்தயம் கட்டினார். வாசுகி ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போக வேண்டும் என்று அம்மா போன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் போன் வரும். பெரட்டு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் பந்தயத்துக்கு நானும் சாட்சி.

"அப்பா, சனிக்கிழம லோரி சொல்லியிருக்கேன். சாமான கட்டி வைங்க."

"பள்ளிக்கூட வேல கெடக்குதும்மா."

"அத முடிச்சிட்டா நீங்க அங்கயே இருங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். முடிக்கலன்னா கடைய மூடிட்டு லோரில ஏறணும்."

"சரி" என்றார் பெரட்டு. கடை போனால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்குரூடிரைவர்களும் செல்லம்மாவும் ஆஜராகும் இடம் அதுதான்.

பள்ளியின் கம்ப்யூட்டர் அறையிலேயே வேலை ஆரம்பமானது. முதல் கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் லினக்ஸை வாங்கிக்கொண்டது. பெரட்டு அதைத் தன் திறமை என்று எடுத்துக்கொண்டார். இரண்டாவது, ஹார்டு டிஸ்க்கைத் தேடும் இடம்வரை நல்லபடியாக வந்து, அங்கே லினக்ஸைப் போடும் இன்ஸ்டாலர் எரர் காட்டிக் கீழே விழுந்தது. ஓகே அழுத்தினார். மூன்றாவதும் அதே இடத்தில் விழுந்தது. நான்காவது கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது.

ரேமை மாற்றினார். பென்டிரைவை மாற்றினார். காற்றாடியைத் துடைத்தார். சுவரில் இருந்த பிளக் சரியில்லை என்று அறை முழுக்க ஒயரை இழுத்தார். முதல் கம்ப்யூட்டர் கிழக்குப் பார்த்து இருந்தது நினைவுக்கு வந்து, எல்லாவற்றையும் கிழக்குப் பார்த்துத் திருப்பினார். எல்லாம் கிழக்குப் பார்த்தபடி விழுந்தன. அப்புறம் முதல் நாள் போட்டிருந்த பாத்தேக் சட்டையைத் துவைக்காமல் மறுபடியும் போட்டுக்கொண்டு போனார். அதில் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வகுப்பு ஜன்னலைச் சாத்திக்கொண்டது. தலைமை ஆசிரியை தினமும் கதவருகே வந்து சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை நான் பயிற்சித் தாள்களைக் கொடுக்க அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். பெரட்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எரர் மெசேஜ் வந்தது. விரல் ஓகேயை நோக்கிப் போயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்தேன். நான் பொறுமைசாலி இல்லை. ஆனாலும் காகிதம் மாட்டிக்கொண்டால் என் மெஷின் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.

"நோ மீடியம் ஃபவுண்ட்னு போட்டிருக்குண்ணே. உள்ள ஒண்ணும் இல்லங்குது."

"எதுக்குள்ள?"

அதற்குக் கீழேயே எழுதியிருந்தது. முதலில் ஹார்டு டிஸ்க்கின் பேர், அதன் அளவோடு. அடுத்தடுத்து இன்னும் நான்கு பேர். நான்குக்கும் நேராக அளவு பூஜ்யம். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன்.  பெரட்டின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. திருடன் இன்னொரு திருடனை அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு அது.

"பேரு மட்டும் குடுத்திருக்கானுங்க, போட்டோஸ்டேட். ஆளு இல்ல."

விரலால் கம்ப்யூட்டரின் முகப்பைக் காட்டினார். கேமரா கார்டு செருகுவதற்கு அங்கே சின்னச் சின்னதாக நான்கு வாய்கள் இருந்தன. கார்டு ரீடர். எல்லாம் காலி. ஆனால் இன்ஸ்டாலர் வந்து டிஸ்க்குகளைப் பேர் கூப்பிட்டபோது அந்த நான்கு காலி வாய்களும் "வந்துட்டேன்" என்று குரல் கொடுத்திருக்கின்றன. நம்பி உள்ளே போன இன்ஸ்டாலர், ஆளைக் காணாமல் தலைசுற்றி விழுந்திருக்கிறது. முதல் கம்ப்யூட்டரில் மட்டும் அந்த இடத்தை வெறும் பிளாஸ்டிக் மூடி அடைத்திருந்தது. கிழக்குக்கும் பாத்தேக் சட்டைக்கும் இதில் சம்பந்தமில்லை.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்து நான் தாள்களைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பெரட்டை அறிந்திருந்தும் அப்படி நினைத்தேன். ஆள் இல்லாத இடத்தில் என்ன செய்ய வேண்டும்? ஆளை நிரப்ப வேண்டும். அதுதான் அவருக்குத் தெரிந்த வழி. அன்று பிற்பகல் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க வீடு வீடாகப் போய்க் கேமரா கார்டு இரவல் வாங்கினார். கல்யாணப் படம், காவடிப் படம், பேரப்பிள்ளை தவழும் படம் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு கம்ப்யூட்டரின் நான்கு வாயிலும் கார்டைச் செருகினார். இன்ஸ்டாலர் விழவில்லை. பேர் கூப்பிட்ட எல்லா இடத்திலும் ஆள் இருந்ததில் அதற்கு அவ்வளவு திருப்தி.

அடுத்த கம்ப்யூட்டரில் இன்ஸ்டாலர் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது. இத்தனை டிஸ்க் இருக்கிறதே, எதில் லினக்ஸைப் போடட்டும்? பெரட்டு அதையும் அழுகை என்று நினைத்து ஓகே அழுத்திவிட்டார். லினக்ஸ் போய்க் கோவில் தலைவரின் கார்டில் உட்கார்ந்தது. அந்தக் கார்டில் இருந்தவை தலைவர் தன் சொந்தக் குரலில் பாடிப் பதிவு செய்த பக்திப் பாடல்கள். ஒவ்வொரு திருவிழாவிலும் ஒலிபெருக்கியில் அவைதான் முழங்கும். ஒன்றுகூட மிஞ்சவில்லை. தலைவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி. தாமான் மக்கள் வெளியே வருத்தம் தெரிவித்தார்கள். பெரட்டுக்கு மட்டும் பல வீடுகளிலிருந்து பலகாரம் வந்தது.

ஆனால் செய்தி பரவியதும் கார்டு கொடுத்தவர்கள் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது பெரட்டின் கையில் ஒரு கார்டுகூட இல்லை. முக்கால்வாசிக் கம்ப்யூட்டர் பாக்கி.

அன்று காலையில் வாசுகி ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். அப்பா கடையைத் திறக்கும் நேரம். அவரைத் திடுக்கிட வைக்கலாம் என்று என் கடைப் பக்கம் வந்து பலகை மறைவில் குனிந்து நின்றுகொண்டாள். பலகைக்கு அந்தப் பக்கம் பெரட்டு தொடங்கியது. பெரிய ஸ்குரூடிரைவர் வந்தது, சின்ன ஸ்குரூடிரைவர் வந்தது. வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மல்டிமீட்டர் வந்தது. பம்பு வந்தது.

"செல்லம்மா."

"வந்துட்டேன்."

வாசுகியின் கை வாயிலேயே இருந்தது. சிரிப்பு போய்விட்டது. காகிதச் சத்தம் பண்ண எனக்கும் மறந்துவிட்டது.

"தெனமுமா, அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெனமும்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் லோரியைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் கடையை அரைமூடியாக விட்டுவிட்டுப் போனேன். வாசுகி ஒரு கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். கார்டு ரீடரிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய ஒயரைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான். இன்ஸ்டாலர் வந்து பேர் கூப்பிட்டது. ஹார்டு டிஸ்க் மட்டும் பதில் சொன்னது. வேலை மளமளவென்று நடந்தது.

பெரட்டுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. "பேரையே வெட்டிட்டியேம்மா" என்றார்.

"ஆளே இல்லாத எடம்பா. பேரக் கூப்பிட்டா அது தேடிக்கிட்டுப் போயி விழுந்துடுது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த தகட்டைக் கழற்றினாள். பெரட்டு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கழற்றிய திருகுகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. எனக்கு அந்த அறையில் நிற்கவே சங்கடமாக இருந்தது.

சனிக்கிழமை காலை. பெற்றோர்கள் வெளியே வரிசையில் நிற்க, தலைமை ஆசிரியையின் சிரிப்பு பழைய அளவுக்கு வந்திருந்தது. கதவைத் திறப்பதற்கு முன் பெரட்டு ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அறை நடுவில் நின்று கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். வாசுகி ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்த, ஒவ்வொன்றும் பீப் என்றது. கடைசிக் கம்ப்யூட்டரும் பீப் என்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கம் விடுமா? கொஞ்சம் இடைவெளி விட்டு, தன்னையறியாமல் கூப்பிட்டுவிட்டார்.

"செல்லம்மா."

உடனே வாயை மூடிக்கொண்டார். முன்தினம் மகள் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த மெல்லிய குரல் வரவில்லை. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன்.

"வந்துட்டேன்" என்றாள் வாசுகி, பின்வரிசையிலிருந்து.

பெரட்டு திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு மண்டோர் குரலில் சொன்னார்: "லேட்டு. எப்பவும் லேட்டு. சரி, போயி வேலையப் பாரு."

பந்தயத்தில் ஜெயித்தவர் அவர்தான் என்று வாசுகி தீர்ப்பு சொன்னாள். வேலை முடிய வேண்டும் என்றுதான் பேச்சு, யார் முடிக்க வேண்டும் என்று பேசவில்லை என்றாள். லோரி காலியாகத் திரும்பிப் போனது. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரமே பெரட்டு தானாகக் கடையைக் காலி செய்தார். ஜெயித்த பந்தயத்தை இப்படி யாராவது விடுவார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டேன். ஸ்குரூடிரைவர்களைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"இங்க நானே கூப்பிட்டு நானே பதில் சொல்லணும், போட்டோஸ்டேட். அங்க பதில் சொல்ல ஆளு இருக்கு."

இத்தனை வருஷம் பலகைக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி இருந்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு காகிதம் அடுக்குவதுபோல் சத்தம் பண்ணினேன்.

இப்போது அந்தப் பாதியில் மிட்டாய் நிறத்தில் ஏதோ பானம் விற்கிறார்கள். பலகையைக் கூரைவரை உயர்த்திவிட்டார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஜொகூரிலிருந்து போன் வரும். எடுத்ததும் வணக்கமெல்லாம் கிடையாது. பெரிய ஸ்குரூடிரைவர், சின்ன ஸ்குரூடிரைவர், மல்டிமீட்டர் என்று பேர் கூப்பிடுவது கேட்கும். செல்லம்மா என்றதும் தூரத்தில் சமையலறையிலிருந்து வாசுகியின் குரல் வரும். அதற்குப் பிறகு, கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு பேரைக் கூப்பிடுகிறார்.

"போட்டோஸ்டேட்."

கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு, "வந்துட்டேண்ணே" என்கிறேன். ஒரு நாளும் நான் லேட்டாகச் சொன்னதில்லை.